தாங்கலும் தரவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மழையை வரவழைக்கவோ நிறுத்தவோ நம்மால் இயலாது. ஆனால், எவ்வளவு பெய்தது, எங்கே பெய்தது, இனி எவ்வளவு பெய்யக்கூடும் என்பவற்றை அறிந்து, அதற்கேற்ப வீட்டையும் வீதியையும் வடிகாலையும் அமைத்துக்கொள்ள இயலும். ஏரி வெட்டி வாழ்ந்த மக்களின் பட்டறிவும் கருவிகளால் அளந்தறியும் அறிவியலும் இணைய வேண்டிய காலம் இது. காலநிலைத் தகவல் என்பது யாது, அஃது எவ்வாறு உருவாகிறது, யாருக்குப் பயன்பட வேண்டும் என்பவற்றைச் சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஊர்ப்பெயர் சொல்லும் செய்தி

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில், போரூருக்கு அடுத்து அமைந்துள்ளது ஐயப்பன்தாங்கல். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கடைவீதிகளும் பேருந்துப் பணிமனையும் நிறைந்த புறநகர் அது. எனினும், அதன் பெயர் பழைய செய்தி ஒன்றைத் தாங்கி நிற்கிறது. தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கிவைக்கும் சிறிய ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் முதலிய பெயர்களிலும் இச்சொல்லைக் காணலாம். ஒரு நிலம் எப்போது நனையும், நீர் எங்கே நிற்கும், எவ்வழியே வடியும் என்பவற்றைப் பல தலைமுறைகள் கண்டறிந்தே இத்தகைய இடங்களில் கரையெழுப்பினர். ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலிங்கு வழியே மிகைநீர் வெளியேறி அடுத்த ஏரியைச் சென்றடையும். இவ்வாறு தொடராக அமைந்த ஏரிகள் அன்றைய தொண்டை மண்டலத்தின் உயிர்நாடியாக விளங்கின.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு, ஊராட்சிப் பணிகளைக் கவனித்த வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று இருந்ததைத் தெரிவிக்கிறது. நீர்நிலையைக் காப்பது தனியொருவரின் விருப்பமாக விடப்படாமல் ஊரின் பொறுப்பாகக் கருதப்பட்டது என்பதை இதனால் அறிகிறோம். ஊர்ப்பெயர், கரை, கலிங்கு, வாரியம் ஆகியன யாவும் அக்காலத்துக் காலநிலைத் தகவல்களே எனலாம். பெயர் மட்டும் எஞ்சி, பெயர் சொல்லும் பொருளை நாம் மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

அளக்கத் தொடங்கிய நகர்

பட்டறிவு ஓர் ஊரைப் பற்றியது. அளவீடோ ஊர்களை ஒப்பிடவும் ஆண்டுகளை ஒப்பிடவும் துணைசெய்வது. இவ்வகையில் சென்னைக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்று அமைக்கப்பட்டது. விண்மீன்களை நோக்குவதற்காகத் தோன்றிய அவ்வாய்வகத்தில், அந்நூற்றாண்டு முடிவதற்குள் வெப்பநிலை, காற்றழுத்தம் முதலியவற்றையும் குறிக்கத் தொடங்கினர். சென்னையின் மழையளவுப் பதிவுகள் 1813ஆம் ஆண்டு முதல் கிடைக்கின்றன. இருநூறு ஆண்டுகளைக் கடந்த இத்தகைய மழைக்கணக்கு உலகில் மிகச் சில நகரங்களுக்கே வாய்த்துள்ளது.

நாடு தழுவிய அளவீடு துன்பத்தின் விளைவாகவே பிறந்தது. 1864இல் கொல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு முறையில் குறிக்கப்பட்ட அளவுகளைக் கொண்டு இத்தகைய பேரிடர்களை ஆராய இயலவில்லை. எனவே, 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. ஒரே வகைக் கருவி, ஒரே நேரம், ஒரே முறை என்னும் ஒழுங்கு அதன் பின்னரே நாடெங்கும் பரவியது. இன்றும் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேர மழை அளந்து குறிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

அன்னா மாணி (1918–2001): கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். 1948இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியில் ஈடுபட்டு, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். கருவி பிழைபட்டால் கணக்கும் பிழைபடும் என்பதை உணர்ந்து அளவீட்டின் நம்பகத்தன்மைக்காக உழைத்த அவர், அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வுபெற்றார்.

வானிலையும் காலநிலையும்

நாளை மழை வருமா என்பது வானிலை பற்றிய வினா. இந்த ஊரில் நவம்பர் மாதத்தில் பொதுவாக எவ்வளவு மழை பெய்யும், மிகுதியாகப் பெய்தால் எவ்வளவு வரை பெய்யும், அந்த அளவு மாறிவருகிறதா என்பன காலநிலை பற்றிய வினாக்கள். குடை எடுத்துச் செல்வதா என்று முடிவுசெய்ய முதலாவது போதும். பாலத்தை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று முடிவுசெய்ய இரண்டாவதே வேண்டும். உலக வானிலை அமைப்பு ஓரிடத்தின் இயல்பான காலநிலையைக் கணக்கிடக் குறைந்தது முப்பது ஆண்டுத் தரவுகளைக் கொள்ளுமாறு வகுத்துள்ளது. ஓராண்டு வெள்ளத்தையோ ஓராண்டு வறட்சியையோ மட்டும் கண்டு முடிவுக்கு வருதல் கூடாது என்பதே இதன் கருத்து.

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே அளிக்கிறது. எனினும், சராசரி மட்டும் திட்டமிடப் போதுமானதன்று. 140 சென்டிமீட்டர் மழை அறுபது நாள்களில் பரவலாகப் பெய்தால் ஏரி நிறையும்; அதன் மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் பெய்தால் வீதி ஏரியாகும்.

ஒரே நாள், வேறு வேறு மழை

2015 திசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 சென்டிமீட்டர். நுங்கம்பாக்கத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஐயப்பன்தாங்கல் உள்ளது. சென்னையின் மழை என ஒற்றை எண்ணைக் கூறினால், அவ்வெண் புறநகரில் வாழ்வோரின் உண்மை நிலையைக் காட்டாது.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். எனவே, 47 சென்டிமீட்டர் மழையில் ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் நீர் ஏறத்தாழ 19 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் அதனை ஏற்றினால் 158 நடைக்குமேல் ஆகும். நிலம் வயலாகவோ தாங்கலாகவோ இருந்தால் அந்நீரின் ஒரு பகுதி தங்கும். ஒரு பகுதி மண்ணில் இறங்கும். நிலம் முழுவதும் சிமெண்ட் பூசப்பட்டிருந்தால் பெரும்பகுதி உடனே ஓடித் தாழ்ந்த இடத்தில் உள்ள வீட்டினுள் புகும்.

இங்கே மற்றொரு பதிவையும் நோக்க வேண்டும். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். இதுவரை எவரும் காணாத மழை என்று பலர் வியந்தனர். ஆனால், 1918 நவம்பரில் அங்கு ஏறத்தாழ 109 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. மனித நினைவு எட்டாத தொலைவுக்குப் பதிவேடு எட்டுகிறது. 1918இல் நுங்கம்பாக்கத்துக்கு மேற்கே பெரும்பாலும் ஏரிகளும் வயல்களுமே இருந்தன. நூறாண்டு இடைவெளியில் நிலம் உருமாறிவிட்டதால் அன்றைய மழையும் இன்றைய மழையும் ஒரே வகை வெள்ளத்தை உண்டாக்குவதில்லை. எனவே, திட்டமிடுவோர் இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஒன்று, வானம் தந்ததைக் குறித்த ஏடு, மற்றொன்று, நிலத்தில் நாம் செய்ததைக் குறித்த ஏடு. நிலத்தின் மேடு பள்ளம், ஏரியின் பரப்பு, வாய்க்காலின் அகலம், கட்டடங்களின் பெருக்கம் ஆகியவற்றை உரைக்காத காலநிலைத் தகவல் முழுமை பெறாது.

நூறாண்டுக்கு ஒருமுறை

பொறியாளர்கள் வடிகாலையும் பாலத்தையும் வடிவமைக்கும்போது, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை என்னும் தொடரைக் கையாள்வர். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறாண்டு வராது என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அம்மழை வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளது என்பதே பொருள். முப்பது ஆண்டுக் கடன் பெற்று ஒரு குடும்பம் வீடு வாங்குகிறது எனக் கொள்வோம். அம்முப்பது ஆண்டில் அத்தகைய மழையை ஒருமுறையேனும் அவ்வீடு சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. காலநிலை மாற்றத்தால் அதே மழை ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வருவதாக மாறினால், அவ்வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடாக உயரும்.

கடந்தகாலக் கணக்கு எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்னும் நம்பிக்கையிலேயே இதுவரை திட்டங்கள் தீட்டப்பட்டன. அந்நம்பிக்கை இன்று தளர்ந்துவிட்டது. இன்று கட்டப்படும் வடிகால் இன்னும் பல பத்தாண்டுகள் பயன்பட வேண்டும். நேற்றைய மழையை மட்டும் கணக்கிட்டு அதனைக் கட்டினால், நாளைய மழைக்கு அது போதாமற்போகும். அதன் இழப்பைச் சுமப்பவர், கட்டும்போது முடிவெடுத்தவரல்லர். தாழ்ந்த தெருவில் வாழ்பவர்.

நாட்டளவில் ஒரு மதிப்பீடு

புவி அறிவியல் அமைச்சகத்தின் சார்பில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அறிவியலாளர்களும் பிறரும் இணைந்து, இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றம் குறித்த மதிப்பீட்டறிக்கையை 2020இல் வெளியிட்டனர். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 பாகை செல்சியசு உயர்ந்துள்ளது என்கிறது அவ்வறிக்கை. பசுங்குடில் வளிகளின் வெளியேற்றம் மிக உயர்ந்த அளவில் தொடர்ந்தால், இந்நூற்றாண்டின் இறுதியில், 1976–2005 காலத்தைவிட ஏறத்தாழ 4.4 பாகை உயரக்கூடும் எனவும் அது மதிப்பிடுகிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்துள்ளது. கடல்மட்டம் உயர்ந்தால் அடையாறு முதலிய ஆறுகளின் வெள்ளநீர் முகத்துவாரத்தில் வடிவது மெதுவாகும் என்பதால், கடலோரத்தில் நிகழ்வது மேற்குப் புறநகரையும் தொடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம், வெள்ளம், வறட்சி, புயல், வெப்ப அலை முதலியவற்றால் எம்மாவட்டம் எந்த அளவுக்குப் பாதிப்புறும் என்பதைக் காட்டும் இடர் நிலப்படத் தொகுப்பை 2022இல் வெளியிட்டது. இவை நாட்டளவில் திட்டமிடுவோர்க்கு இன்றியமையாதவை.

ஆயினும், இங்கே ஓர் இடைவெளி உள்ளது. எதிர்காலத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் புவிப்பரப்பைக் கட்டங்களாகப் பகுக்கின்றன. உலகளாவிய மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர் அளவினது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நுண்கட்ட மழைத்தரவிலும் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். போரூர், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி, ஆவடி ஆகியவை அனைத்தையும் தன்னுள் அடக்கவல்ல அளவு அது. மாவட்டம் நனையும் என்பது தெரிகிறது. எத்தெரு மூழ்கும் என்பது தெரிவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே அடர்த்தியான மழைமானிகளும் ரேடார்களும் நிலமட்ட வரைபடங்களும் தேவைப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது இந்நோக்கிலேயாகும்.

தரவு தகவலாவது எப்போது?

அளந்து குறித்த எண் தரவு; அவ்வெண் ஒருவருடைய முடிவுக்கு உதவும்போது அது தகவல். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு ஆழம் 24 அடி. மிகைநீர் திறக்கப்படும்போது இத்தனை ஆயிரம் கனஅடி என்று அறிவிக்கப்படுகிறது. பொறியாளருக்கு இது தெளிவான செய்தி. கரையோரத்தில் வாழும் ஒருவருக்கோ, தம் தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை அடி நீர் வரும் என்பதே வேண்டிய செய்தி. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதே காலநிலைத் தகவல் பணியின் உயிர்ப்பகுதி.

2015 வெள்ளத்துக்குப்பின் இத்திசையில் முயற்சிகள் நடந்துள்ளன. மும்பை, சென்னை ஆகிய நகரங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் அண்ணா பல்கலைக்கழகமும் உருவாக்கிய சென்னை வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு, 2019இல் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் வழியே செயற்பாட்டுக்கு வந்தது. மழை, ஆற்றுநீர், கடல் ஓதம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணித்து, நீர் சூழக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே காட்டுவது அதன் நோக்கம்.

தகவல் மக்களைச் சென்றடைய எப்போதும் உயர்ந்த கருவிகள் வேண்டுமென்பதில்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்க்காக, கடல் அலையின் உயரம் பற்றிய செய்தி இணையத்திலிருந்து பெறப்பட்டுத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்வதா வேண்டாவா என முடிவெடுக்க வேண்டியவரின் காதில், அவர் மொழியில், உரிய நேரத்தில் செய்தி விழுந்தது.

ஒடிசா தரும் பாடமும் குறிப்பிடத்தக்கது. 1999இல் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவு. முன்கணிப்பு மட்டுமன்று, இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டப்பட்ட புயல் காப்பகங்களும் பயிற்சி பெற்ற ஊர்க்குழுக்களும் இதற்குக் காரணங்கள். காப்பகத்தை எங்கே கட்டுவது என்பதைக் காலநிலைத் தகவல் சொல்லும். எப்போது அங்கே செல்வது என்பதை வானிலை முன்கணிப்பு சொல்லும். இரண்டும் சேர்ந்தே உயிர்காக்கும்.

மிகுதியும் குறைவும்

வெள்ளம் கண்ட அதே நகர் நான்கே ஆண்டுகளில் வறட்சியையும் கண்டது. 2019 சூனில் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வற்றின. அவ்வாண்டு சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. எனவே, நீரை விரைந்து கடலுக்கு அனுப்பும் வடிகாலை மட்டும் கட்டுவது தீர்வாகாது. மிகுதியாக வரும் நாளில் தேக்கிக் குறைவான நாளில் வழங்கும் இடம் வேண்டும். தாங்கல் செய்துவந்த பணி இதுவே. பெய்யும் மழையின் அளவையும் தேக்கும் பரப்பின் அளவையும் ஒருங்கே கணக்கிட்டால்தான், எவ்வேரியைத் தூர்வாரினால் எவ்வளவு பயன் என்பதை உறுதியாகச் சொல்ல இயலும்.

யாருக்கான தகவல்?

காலநிலைத் தகவல் பொதுச்சொத்து. எந்த நிலம் மூழ்கும் என்பதை அறிந்தவர் மேட்டைத் தேடிச் செல்ல, அறியாதவர் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் தரைத்தளத்தில் குடியேறும் நிலை தொடர்ந்தால், அறியாமையின் சுமை முழுவதும் எளியோர் தோளில் விழும். மனையின் விலை குறைந்துவிடும் என அஞ்சி வெள்ள வரைபடத்தை வெளியிடத் தயங்குவதும் அத்தகையதே. ஆதலால், தரவுகள் தமிழிலும் எளிய நடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் எவரும் காணுமாறு வைக்கப்படுதல் வேண்டும். கணிப்பில் உள்ள ஐயப்பாட்டையும் மறைக்காமல் கூற வேண்டும். 30 சென்டிமீட்டர் பெய்யும் என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, 20 முதல் 40 வரை பெய்யக்கூடும் எனச் சொல்வதே நேர்மையானது, ஆயத்தமாவதற்கும் உதவுவது.

தரவைத் தருவதில் மக்களுக்கும் பங்குண்டு. எத்தெருவில் எந்நாள் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பதைச் சுவரில் பதிந்த கறையைக் கொண்டு அளந்து குறித்துவைத்தால், எந்தச் செயற்கைக்கோளும் தர இயலாத சான்றாக அது அமையும். உத்திரமேரூர் ஏரி வாரியத்தார் கரையைக் காத்தனர். நம் தலைமுறை கரையோடு கணக்கையும் காக்கக் கடமைப்பட்டுள்ளது. ஐயப்பன்தாங்கலில் அடுத்து அமையவிருக்கும் வடிகாலின் அகலம் இத்தனை அடி என ஒருவர் கோடு வரையும்போது, அக்கோட்டுக்குப் பின்னால் அளந்தறிந்த எண் ஒன்று இருத்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

தாங்கல் – சிறிய ஏரி. கலிங்கு – ஏரியின் மிகைநீர் வெளியேறும் அமைப்பு. வாரியம் – ஊராட்சிக் குழு. ஓதம் – கடல்நீர் ஏற்றம். முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்குமிடம். தூர்வாருதல் – நீர்நிலையில் படிந்த மண்ணை அகற்றுதல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தாங்கல், ஏரி, குளம், ஊருணி, ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அந்நீர்நிலைகளின் இன்றைய நிலையைக் கட்டுரையாக்குக.

2. பள்ளி வளாகத்தில் எளிய மழைமானி ஒன்றை அமைத்து, பருவமழைக் காலத்தில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து பதிவேட்டில் குறிக்க. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டு வேறுபாட்டுக்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் தெருவில் வாழும் மூத்தோரிடம் உரையாடி, அவர்கள் நினைவில் உள்ள பெருமழைகளையும் நீர் நின்ற உயரத்தையும் பட்டியலிடுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. ஓரிடத்தின் இயல்பான காலநிலையைக் கணக்கிடக் குறைந்தது எத்தனை ஆண்டுத் தரவுகள் தேவை?
அ) ஐந்து ஆ) பத்து இ) முப்பது ஈ) நூறு

2. இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்ட ஆண்டு
அ) 1792 ஆ) 1813 இ) 1864 ஈ) 1875

குறுவினா

1. வானிலை, காலநிலை – வேறுபடுத்துக.

2. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை என்பதன் பொருள் யாது?

சிறுவினா

1. 'தரவு தகவலாவது எப்போது?' – பாடப்பகுதி எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குக.

2. ஒரே அளவு மழை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விளைவைத் தருவது ஏன்?

நெடுவினா

உங்கள் ஊராட்சியில் புதிய மழைநீர் வடிகால் அமைக்கப்பட உள்ளது எனக் கொள்க. அதற்கு முன்னர்த் திரட்ட வேண்டிய தகவல்கள் யாவை, அவற்றை யாரிடமிருந்து பெறலாம், மக்களுக்கு எவ்வாறு தெரிவிக்கலாம் என்பவற்றை ஊராட்சித் தலைவருக்கு எழுதும் பரிந்துரைக் கட்டுரையாக வரைக.